தொண்டு அமைப்புகள் சேர்ந்து வேலை செய்வது எப்படி: கூட்டமைப்புக்கு முன் செய்ய வேண்டியவை

ஒரே பகுதியில் ஐந்தாறு சிறிய தொண்டு அமைப்புகள் தனித்தனியாக வேலை செய்கின்றன. எல்லாவற்றிலும் ஆள் பற்றாக்குறை, பணப் பற்றாக்குறை. இவை சேர்ந்தால் அங்குள்ள மக்களுக்கு இன்னும் நன்றாக உதவ முடியாதா, முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பது கேள்வி.

முடியும். ஆனால் பலரும் தொடங்குகிற இடத்திலிருந்து தொடங்காதீர்கள். கூட்டம் போட்டு, கூட்டமைப்புக்குப் பெயர் வைத்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்து, இலச்சினை வரைந்து முடிப்பதற்குள் வந்தவர்களின் உற்சாகம் வடிந்துவிடும். அடுத்தடுத்த கூட்டங்களுக்கு ஆள் குறையும். வராதவர்கள்மீது வருத்தம் வளரும். சேர்வதற்கு முன் இருந்த நட்புகூட இதில் கெட்டுப்போவதைப் பார்த்திருக்கிறேன்.

அமைப்புகளை ஒருங்கிணைக்கும் வேலையில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒத்துழைப்பு தனியான ஒரு வேலை. அதற்கென்று ஆள், நேரம், பணம் மூன்றும் ஒதுக்கப்பட்டால் நடக்கும். ஒதுக்காமல் விட்டால், எவ்வளவு நல்லவர்கள் கூடினாலும், முதல் நெருக்கடியிலேயே ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள்.

ஏன் பிரிந்து நிற்கிறோம் என்பதை முதலில் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தன்முனைப்பு, பொறாமை என்று சொல்வது வழக்கம். அவையும் உண்டு. ஆனால் பெரிய காரணம் பணம் வரும் விதத்தில் இருக்கிறது. நிதி தருபவர்கள் குறிப்பிட்ட திட்டத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்குத் தருகிறார்கள். ஆண்டு முடிவில் எத்தனை பேருக்கு உதவினீர்கள் என்று கேட்கிறார்கள். என்னிடம் வந்த குடும்பத்தை உங்களிடம் அனுப்பினால் என் எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது. அதே நிதிக்கு நீங்களும் விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இந்த ஏற்பாட்டுக்குள் நிற்பவர்களிடம் போய் ‘ஒற்றுமையாக இருங்கள்’ என்று அறிவுரை சொல்வதால் ஒரு பயனும் இல்லை. அனுப்பியவரின் கணக்கிலும் பெற்றுக்கொண்டவரின் கணக்கிலும் அந்தக் குடும்பம் வரலாம் என்று முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். நிதி தருபவருக்கும் அதை அறிக்கையில் வெளிப்படையாகத் தெரிவியுங்கள். பாதி இறுக்கம் தளர்ந்துவிடும்.

இனி, தொடங்கும் இடம். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டி தாய் தந்தை இல்லாத பேரனை வளர்க்கிறார். அவன் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டான். பாட்டிக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. முதியோர் உதவித்தொகைக்கான விண்ணப்பம் ஏதோ ஒரு சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்திருக்கிறது. பள்ளி விலகிய பிள்ளைகளுக்கென்று ஓர் அமைப்பு, கண் சிகிச்சைக்கு ஒன்று, அரசு உதவிகளைப் பெற்றுத்தர ஒன்று, உணவுப் பொருள் தர ஒன்று என நான்கும் அந்தப் பகுதியிலேயே இருக்கின்றன. பாட்டி முதல் அமைப்புக்குப் போகிறார். பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், வருமானம், கணவர் எப்போது இறந்தார் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். கண்ணுக்கு நாங்கள் பார்ப்பதில்லை என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டில் அடுத்த அமைப்பின் முகவரியை எழுதிக் கொடுக்கிறார்கள். அங்கே மறுபடியும் அதே கேள்விகள். கணவர் எப்போது இறந்தார் என்ற கேள்விக்கு நான்காவது அலுவலகத்திலும் பதில் சொல்ல வேண்டும் என்றால் அவர் நான்காவது அலுவலகத்துக்குப் போகமாட்டார். பெரும்பாலும் இரண்டாவதற்கே போகமாட்டார். அந்தச் சீட்டு அவருடைய சுருக்குப்பையிலேயே கிடக்கும். கொடுத்தவரின் பதிவேட்டில் மட்டும் ‘பரிந்துரைக்கப்பட்டார்’ என்று ஏறியிருக்கும்.

இதே இடத்தில் வேறு விதமாகச் செய்யலாம். பாட்டி எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே களப்பணியாளர் கண் சிகிச்சை அமைப்பை அழைக்கிறார். அங்கே யாரிடம் பேச வேண்டும் என்று அவருக்குத் தெரியும், பெயரும் தெரியும். ‘உங்கள் விவரத்தை அவர்களிடம் சொல்லலாமா அம்மா?’ என்று கேட்டுவிட்டுச் சொல்கிறார். பிறகு அலைபேசியைப் பாட்டியிடமே தருகிறார். நாள், நேரம், வாசலில் யார் வந்து அழைத்துச்செல்வார் என்பதைப் பாட்டி தன் காதாலேயே கேட்கிறார். ஒரு வாரம் கழித்து, அனுப்பியவர் மறுபடி அழைத்து ‘வந்தாரா?’ என்று கேட்கிறார். வரவில்லை என்றால் ஏன் என்று வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். இதில் நிதி அதிகம் தேவைப்படும் கட்டம் எதுவும் இல்லை. ஆனால் இரண்டு அமைப்புகளும் உண்மையில் சேர்ந்துவிட்டன. அந்த ‘வந்தாரா?’ என்ற ஒற்றைக் கேள்வியைக் கேட்கும் பழக்கம் ஒரு பகுதியில் வேரூன்றிவிட்டால் மற்றவை எல்லாம் அதன்மேல் கட்டக்கூடியவை.

எனவே முதல் மூன்று மாதங்களுக்கு இதை மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு அமைப்பிலும் மற்றவர்களின் அழைப்பை எடுக்க ஒருவர், அவர் விடுப்பில் போனால் இன்னொருவர். எல்லோருக்கும் பொதுவாக ஒரு பக்கப் படிவம். முதலில் போகும் இடத்தில் நிரப்பினால் போதும். யார் எதைச் செய்கிறார்கள், யாருக்குச் செய்கிறார்கள், எந்த நாட்களில் செய்கிறார்கள் என்ற பட்டியல். பட்டியலை யார் வேண்டுமானாலும் தயாரித்துவிடலாம். அதைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதுதான் கடினம். அமெரிக்காவின் அட்லாண்டாவில் 1997இல் 211 என்ற ஒரே எண்ணை அழைத்தால் எந்த உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்லும் சேவையைத் தொடங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் அந்த நாட்டின் தகவல் தொடர்பு ஆணையம் நாடு முழுவதற்கும் அந்த எண்ணை ஒதுக்கியது. அங்கே எண் எளிது. பின்னால் இருக்கும் தகவல் பழசாகாமல் பார்த்துக்கொள்வதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் வேண்டும். உங்கள் பட்டியலுக்கும் அப்படி ஒருவர் பொறுப்பேற்காவிட்டால் சீக்கிரமே பாதி எண்கள் செல்லாதவையாகிவிடும்.

பொதுப் படிவம், பொதுப் பதிவேடு என்று வரும்போது ஓர் எச்சரிக்கை. அமைப்புகள் ஒருங்கிணைவது எப்போதும் மக்களுக்கு நல்லதாக முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. லண்டனில் 1869இல் அறநிறுவனங்களை ஒழுங்குபடுத்த ஒரு சங்கம் ஏற்பட்டது. ஒரே குடும்பத்துக்குப் பலர் உதவுவதைத் தவிர்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. வீடுவீடாக விசாரித்தார்கள், குறிப்பெடுத்தார்கள், தகவல் பரிமாறிக்கொண்டார்கள். முறையான சமூகப் பணிக்கு அது ஒரு தொடக்கமாக அமைந்தது உண்மை. அதே முறை, உதவிக்குத் தகுதியான ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று பிரித்துப் பார்க்கும் கருவியாகவும் ஆனது. ஓர் இடத்தில் மறுக்கப்பட்டவருக்கு எல்லா இடங்களிலும் கதவு அடைபடும் நிலை ஏழைக்கு எவ்வளவு கொடுமையானது என்று நினைத்துப் பாருங்கள். ஆகவே பொதுப் படிவத்தில் எதை எழுதக் கூடாது என்பதையும் சேர்ந்தே முடிவெடுக்க வேண்டும். வீட்டில் வன்முறைக்கு ஆளான பெண்ணின் இருப்பிடம், நோய் விவரம், வழக்கு விவரம் போன்றவை அவருடைய தெளிவான சம்மதம் இல்லாமல் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகவே கூடாது. சம்மதம் தராவிட்டாலும் உதவி நிற்காது என்பதை அவருக்கு முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

குடும்பங்களை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்புவது பழகிய பிறகு பொருட்களையும் வசதிகளையும் பகிரலாம். சிறிய அமைப்புகளுக்கு இதில்தான் உடனடிப் பலன் தெரியும். ஆளுக்கொரு கணக்காளரை அமர்த்த முடியாது; மூன்று அமைப்புகள் சேர்ந்தால் தகுதியான ஒருவரை அமர்த்தலாம். வாகனம், கூட்ட அறை, கிடங்கு, தன்னார்வலர் பயிற்சி, குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுதுவது எல்லாம் இப்படித்தான். உலகெங்கும் இன்று பரவியிருக்கும் உணவு வங்கிகளின் தொடக்கமும் இதுதான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரில் ஏழைகளுக்கு உணவளிக்கும் ஒரு கூடத்தில் ஜான் வான் ஹெங்கல் தன்னார்வலராக இருந்தார். மிஞ்சிய, விற்பனைக்கு ஆகாத, ஆனால் உண்ணத் தகுந்த உணவுப் பொருட்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து, அங்கிருந்து பல அமைப்புகளும் எடுத்துக்கொள்ளும்படி 1967இல் ஒரு கிடங்கை ஏற்படுத்தினார். ஒவ்வோர் அமைப்பும் கடைகடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கவில்லை. கொடுப்பவருக்கும் ஒரே வாசல், எடுப்பவருக்கும் ஒரே வாசல். எந்த அமைப்பும் தன் பெயரையோ தன் மக்களையோ விட்டுக்கொடுக்கவும் தேவைப்படவில்லை. பொதுவான சுமையை ஓரிடத்தில் இறக்கிவைத்துவிட்டு, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தெரிந்த குடும்பங்களிடம் திரும்பிப்போகும் இந்த வகைக் கூட்டுதான் நீடிக்கிறது என்பது என் அனுபவம். இணைந்து ஒரே அமைப்பாகிவிடலாம் என்ற யோசனையும் எங்கேயாவது எழும். அதில் அவசரம் வேண்டாம்.

பணத்தைச் சேர்ந்து திரட்டுவது அதற்கு அடுத்த படி. அமெரிக்காவின் டென்வர் நகரில் 1887இல் வெவ்வேறு சமயத் தலைவர்களும் பிரான்சிஸ் ஜேக்கப்ஸ் என்ற பெண்மணியும் சேர்ந்து, நகரின் பல நல அமைப்புகளுக்கும் ஒரே நிதி திரட்டலை ஏற்பாடு செய்தார்கள். இன்று யுனைடெட் வே என்று அறியப்படும் இயக்கம் தன் வேர் என்று சொல்வது அதைத்தான். 1913இல் கிளீவ்லாந்து நகரம் இந்த முறையை இன்னும் ஒழுங்குபடுத்தியது. சேர்ந்து திரட்டினால் மொத்தம் கூடும் என்பது பலமுறை கண்ட உண்மை. ஒரே வீட்டுக் கதவைப் பத்துப் பேர் தட்டுவது நின்றாலே கொடுப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. சிக்கல் திரட்டியதற்குப் பிறகு தொடங்கும். எந்த அளவுகோலில் பங்கிடுவது? பெரிய அமைப்புக்குப் பெரிய பங்கு என்றால் சிறியது சிறியதாகவே இருந்துவிடும். சம பங்கு என்றால் அதிகம் உழைத்தவர் புண்படுவார். பணம் வருவதற்கு முன், கை வெறுமையாக இருக்கும்போதே, இதை எழுதி முடித்துவிடுங்கள். வந்த பிறகு பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை வந்துவிடும்.

ஒரே திட்டத்துக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கும்போது பொதுவாக ஓர் அமைப்பு முன்னிலை வகித்து நிதியைப் பெறும். மற்றவை அதனிடமிருந்து பெறும். இதற்கு உங்கள் நாட்டுச் சட்டம் இடம் தருகிறதா என்று முதலில் பாருங்கள். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தம், வெளிநாட்டு நிதியைப் பெற்ற அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக்கொடுப்பதைத் தடைசெய்துவிட்டது. நிர்வாகச் செலவுக்கான வரம்பையும் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. அடிமட்டத்தில் வேலை செய்யும் சிறிய குழுக்கள் பெரிய அமைப்புகள் வழியாகப் பெற்றுவந்த நிதி அதோடு நின்றது. இப்படிச் சட்டம் குறுக்கே நிற்கும் இடங்களில் பணத்தைப் பகிர முடியாவிட்டாலும் பயிற்சி, ஆலோசனை, இடம் என்று பகிர என்ன மிச்சமிருக்கிறது என்பதைத் தணிக்கையாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நல்ல நோக்கம் இருந்தது என்பது தணிக்கையில் பதிலாகாது.

எல்லோரும் ஒரே இலக்கை நோக்கி நீண்ட காலம் நடக்க வேண்டிய பெரிய பிரச்சினைகளுக்கு, உதாரணமாகப் பள்ளி இடைநிற்றல் போன்றவற்றுக்கு, இன்னும் இறுக்கமான ஏற்பாடு தேவைப்படும். அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலும் அதையொட்டிய வட கென்டக்கியிலும் 2006இல் தொடங்கிய ஸ்ட்ரைவ் கூட்டணியைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், தொண்டு அமைப்புகள், நிதி தருபவர்கள் என 300க்கும் மேற்பட்ட தலைவர்கள் அதில் இணைந்தார்கள். குழந்தைப் பருவம் முதல் வேலைக்குப் போகும் வரை ஒரு பிள்ளையின் பாதையில் எந்தெந்த இடங்களை அளப்பது என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஒரே துறையில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து அந்த எண்களைப் பார்த்தார்கள். ஜான் கேனியா, மார்க் கிரேமர் இருவரும் 2011இல் இதை ஆராய்ந்து எழுதியபோது ஐந்து கூறுகளைக் குறிப்பிட்டார்கள்: பொதுவான இலக்கு, பொதுவான அளவீடு, ஒன்றுக்கொன்று துணைசெய்யும் பணிகள், இடைவிடாத தொடர்பு, இவற்றையெல்லாம் தாங்கும் ஒரு முதுகெலும்பு அமைப்பு. ஐந்தில் கடைசியானதைத்தான் எல்லோரும் தவிர்க்கப் பார்க்கிறார்கள், ஏனென்றால் அதற்குத்தான் செலவு. ஒருங்கிணைப்பாளரின் சம்பளத்துக்கு நிதி கேட்க வெட்கப்பட வேண்டாம். கூட்டக் குறிப்பு எழுதுவது, வராதவரை அழைத்துப் பேசுவது, இருவருக்குள் மனக்கசப்பு வந்தால் முற்றுவதற்குள் உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் ஓய்வு நேரத்தில் செய்யக்கூடியவை அல்ல.

இந்த முறைக்கு வந்த விமர்சனத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். தலைவர்கள் கூடி முடிவெடுக்கிறார்கள், பிரச்சினையை அனுபவிப்பவர்கள் அறையில் இல்லை என்று சமூக அமைப்பாளர்கள் கடுமையாகச் சுட்டிக்காட்டினார்கள். அந்த விமர்சனம் நியாயமானது. கேனியாவும் உடன் பணியாற்றியவர்களும் 2022இல் தங்கள் வரையறையையே திருத்தி, சமூக நீதியையும் அந்தச் சமூகத்து மக்களின் பங்கையும் மையத்தில் வைத்தார்கள்.

அறையில் யார் இருக்கிறார்கள் என்பது கூட்டத்தின் இடம், நேரம், மொழி மூன்றிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 2010இல் ஹைட்டி நிலநடுக்கத்துக்குப் பிறகு நிவாரண ஒருங்கிணைப்புக் கூட்டங்கள் பலவும் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்துக்குள், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. அந்த நாட்டு மக்கள் பேசுவது கிரியோல். அரசு நிர்வாகத்தில் பிரெஞ்சும் உண்டு. இடிந்த தெருக்களை அறிந்த உள்ளூர் அமைப்புகளுக்கு வாயிலைத் தாண்டி உள்ளே நுழைவதே சிரமமாக இருந்தது. உங்கள் கூட்டத்தை இந்தக் கண்ணோடு பாருங்கள். வேலைநாளின் நடுவில் வைத்தால் தினக்கூலி இழந்து வர வேண்டியவர்கள் வரமாட்டார்கள். பெரிய அமைப்பின் குளிர்சாதன அறையிலேயே ஒவ்வொரு முறையும் கூடினால் சிறிய அமைப்பின் பிரதிநிதி கடைசி நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டிவிட்டுப் போவார். இடத்தை மாற்றிமாற்றி வையுங்கள். தலைமையைச் சுழற்சியில் விடுங்கள். குடியிருப்பிலிருந்து வருபவர்களுக்குப் பயணச் செலவும் அன்றைய வருமான இழப்பும் கொடுங்கள். மற்ற எல்லோரும் சம்பளத்தோடுதான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

மக்களிடம் பேசும்போது குறைகளை மட்டும் பட்டியலிடாதீர்கள். 1990களில் சிகாகோ பகுதியில் ஜான் கிரெட்ஸ்மன், ஜான் மெக்நைட் இருவரும் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரு பகுதியில் இருக்கும் திறன்கள், சங்கங்கள், இடங்கள், உறவுகள் ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும். தேவைகளை மட்டுமே கேட்கும் கணக்கெடுப்பு மக்களைத் தங்கள் கண்ணிலேயே சிறியவர்களாக்குகிறது. மேலே சொன்ன பாட்டிக்குத் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பது எந்தக் களப்பணியாளரைவிடவும் நன்றாகத் தெரியும்.

பேரிடருக்கான ஏற்பாட்டை அமைதியான காலத்திலேயே செய்துவிட வேண்டும். 1994இல் ருவாண்டாவிலிருந்து தப்பி, இன்றைய காங்கோ நாட்டின் எல்லை நகரான கோமாவுக்கு ஓடிவந்த அகதிகளிடையே காலராவால் பல்லாயிரக்கணக்கானோர் இறந்தார்கள். உதவ வந்த அமைப்புகள் ஏராளம். தரமும் ஒழுங்கும் இல்லை. அந்தப் படிப்பினையில்தான் ஒரு மனிதருக்கு எவ்வளவு நீர், எத்தனை பேருக்கு ஒரு கழிப்பறை என்று குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் ஸ்பியர் திட்டம் 1997இல் பிறந்தது. வெள்ளம் வந்தால் யார் சமைப்பது, யார் மருந்து, யார் தங்குமிடம், பழைய துணிகளை வேண்டாம் என்று யார் அறிவிப்பது என்பதை உங்கள் ஐந்தாறு அமைப்புகளும் ஒரு மாலையில் பேசி முடித்துவிடலாம்.

சேரக் கூடாத நேரங்களும் உண்டு. நிதி தருபவர் ‘கூட்டாக வந்தால்தான் தருவோம்’ என்றதற்காக மட்டும் கடைசி வாரத்தில் சேரும் கூட்டு, பணம் தீரும் நாளில் தீர்ந்துவிடும். இடையில் மக்களுக்குக் கொடுத்த வாக்கும் போகும். உதவிக்குப் பதிலாக மக்களிடம் சமய மாற்றத்தையோ கட்சி ஆதரவையோ எதிர்பார்க்கும் அமைப்போடு சேர்ந்தால் உங்கள்மீது மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் சேர்த்து இழப்பீர்கள். அதிகாரத்தை எதிர்த்துக் குரல் கொடுக்கும் குழுக்கள் சில நேரம் தனியாக நிற்பதே நல்லது. எல்லோருடைய ஒப்புதலுக்கும் காத்திருந்தால் அவர்கள் குரல் மழுங்கிவிடும். அவர்களைச் சேரவில்லை என்று குறை சொல்லாதீர்கள்.

கடைசியாக எழுத்து. நண்பர்களுக்குள் ஒப்பந்தம் எதற்கு என்பார்கள். நட்பு கெடாமல் இருக்கத்தான். வழக்கறிஞர் மொழியில் இருபது பக்கம் தேவையில்லை. இரண்டு பக்கம் போதும். இந்த ஆண்டு சேர்ந்து செய்யும் ஒரே வேலை எது, யார் எதற்குப் பொறுப்பு, எந்த முடிவை யார் தனியாக எடுக்கலாம், எதற்கு எல்லோரையும் கேட்க வேண்டும், செய்தி வெளியானால் யார் பெயர் எந்த வரிசையில் வரும், கருத்து வேறுபாடு வந்தால் யாரிடம் போவது ஆகியவை அதில் இருக்கட்டும். பெயர் வரிசை சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பணத்தைவிட அதிகக் கூட்டுகளை முறித்தது அதுதான். விலகும் வழியையும் எழுதுங்கள்: எத்தனை நாள் முன்னறிவிப்பு, உதவி பாதியில் நிற்கும் குடும்பங்களை யார் ஏற்பது, சேர்ந்து வாங்கிய வாகனம் யாருக்கு, பொதுப் பதிவேட்டில் இருக்கும் தகவல் என்ன ஆகும். கௌரவமாக விலக வழி இருக்கும் கூட்டில் சேரத் தயங்குபவர்கள் குறைவு.

கையெழுத்திடும் அன்றே, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியைக் குறித்து அதன்கீழ் எழுதிவையுங்கள். அன்றைக்குக் கூட்டத்தில் அமைப்புகளின் அறிக்கைகளை வாசிக்க வேண்டாம். இந்த ஆறு மாதத்தில் ஓர் அமைப்பிலிருந்து இன்னோர் அமைப்புக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களில் சிலரை அழைத்து, போன இடத்தில் வேலை முடிந்ததா, எத்தனை முறை அலைந்தீர்கள், எந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகு, அடுத்த ஆறு மாதத்துக்கான வேலையை அதே மேசையில் எழுதுங்கள்.